உங்களுக்குத் தெரியுமா? செம்போடு சேர்ந்தால் இரும்புக்குத்தான் கேடு

மன்னார்த் தீவின் கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீர் ஓடும் இரும்புக் குழாயில் செப்புக் குழாயை நேரடியாகப் பொருத்தினால், மூட்டருகே இரும்புதான் முதலில் கறள் பிடிக்கும். உப்புநீர் நடுவில் நிற்க, இரு உலோகமும் ஒரு பற்றரியாகிவிடுகின்றன. இரும்பு கரைகிறது, செம்பு தப்புகிறது. நீளமான செப்புக் குழாய்களுக்கு இடையில் சிறு இரும்பு நிப்பிள் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். முழு அரிப்பும் அந்தச் சிறு துண்டின் மேல் விழும்.

பிரித்தானியக் கடற்படை இதைப் பட்டறிந்தது. 1761இல் ‘அலாம்’ என்ற மரப் போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு பொருத்தினார்கள். 1763இல் பார்த்தால், இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. தகடு சுற்றி வந்த தாள் இடையில் ஒட்டிக்கிடந்த இடங்களில் மட்டும் ஆணிகள் தப்பியிருந்தன. அற்புதமான தடயம் அது!

இன்றைய தீர்வும் அந்தத் தாள் செய்த வேலையே: இரண்டுக்கும் நடுவே மின் கடத்தாத யூனியன், அல்லது ஒரு துண்டு பி.வி.சி. குழாய். நீரோட்டத்தில் இரும்பு முன்னால், செம்பு பின்னால் இருக்கட்டும்.

இதே விதி படகில் நமக்கு உதவுகிறது: வெளியிணைப்பு இயந்திரத்தில் உள்ள நாகக் கட்டி, இயந்திரத்துக்காகத் தானே கரைவது. அதன்மேல் பெயின்ட் பூசாதீர்கள், முழுதும் கரையுமுன் மாற்றுங்கள்.