ஊட்டிக்கு 3 நாள் வேன் டூர்: ஏறும்போது இல்லீங்க... இறங்கும்போதுதான் உஷார்!

லீவு விட்டால் போதும். தெருவுக்குத் தெரு ஊட்டி டூர் பேச்சு கிளம்பிவிடும். கம்பெனி ஆட்கள், மில் தொழிலாளர்கள், மகளிர் குழுவினர், ஒரே தெருக்காரர்கள் என்று ஆளுக்கு ஒரு தொகை போட்டு வேன் பிடிக்கிறார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு குஷியாக கிளம்புகிறார்கள்.

எந்த பூங்கா, எந்த அருவி, எங்கே போட்டிங் என்று லிஸ்ட் போடும் பலர் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. டிரைவர் எப்போது தூங்குவார்?

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி சுமார் 50 கிலோ மீட்டர்தான். அந்த தூரத்துக்குள் ரோடு கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஏறின உயரம் முழுக்க இறங்கியும் ஆக வேண்டும். 2023 செப்டம்பர் 30-ந்தேதி மாலை, தென்காசி மாவட்டம் கடையம் பகுதியில் இருந்து டூர் வந்தவர்களின் பஸ் ஊட்டியை பார்த்துவிட்டு இறங்கும்போது, குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. 9 பேர் பலியானார்கள். டூரின் ஆபத்தான கட்டமே வீடு திரும்பும் கட்டம்தான்.

ராத்திரி பயண கணக்கு

'நைட்ல கிளம்பிட்டா ஒருநாள் ரூம் வாடகை மிச்சம்' என்பதுதான் எல்லோரும் போடும் கணக்கு. சென்னையில் இருந்து மேட்டுப்பாளையம் 500 கிலோ மீட்டருக்கு மேல். விடிய விடிய வண்டி ஓட்டி வந்த அதே டிரைவர், காலையில் டீ குடித்த கையோடு மலை ஏற்றுகிறார். பகல் முழுக்க ஸ்பாட் ஸ்பாட்டாக சுற்றுகிறார். பயணிகள் சீட்டில் குறட்டை விடலாம். அவர் கண்ணை மூட முடியுமா?

1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. 5 மணி நேரம் வேலை பார்த்தால் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்றும் சொன்னது. டூர் வண்டியில் இதை யார் பார்க்கிறார்கள்?

வழி இருக்கிறது. ஒன்று, 2 டிரைவர் கேளுங்கள். அல்லது சென்னை சென்ட்ரலில் இருந்து நீலகிரி எக்ஸ்பிரசில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கே உள்ளூர் வேன் பிடியுங்கள். மலை ரோடு உள்ளூர் டிரைவருக்கு அத்துப்படி. வண்டி மஞ்சள் போர்டா என்று கட்டாயம் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டப்படி தப்பு. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கிடைப்பதில் சிக்கல் வரும்.

கிளம்பும் முன்பு...

2024 மே 7-ந்தேதி முதல் ஊட்டி, கொடைக்கானல் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. ஐகோர்ட்டு உத்தரவு இது. 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6 ஆயிரம் வண்டி, வார இறுதியில் 8 ஆயிரம் வண்டி என்று உச்சவரம்பும் போடப்பட்டது. எனவே தேதியை முடிவு செய்ததும் முதல் வேலையாக அரசு இணையதளத்தில் இ-பாஸ் நிலவரத்தை பார்த்துவிடுங்கள். செக்போஸ்டில் போய் நின்றுகொண்டு போனை நோண்டினால் அரைநாள் காலி. அரசு பஸ்சில் போகிறவர்களுக்கு இந்த தொல்லை இல்லை.

பிளாஸ்டிக் பைகளையும், சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நீலகிரியில் தடை. பிடிபட்டால் பறிமுதல், அபராதம். சில்வர் பாட்டில், தூக்குச்சட்டி கொண்டு போனால் பிரச்சினையே இல்லை.

முதல் நாள்: குன்னூர்

காலையிலேயே மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறிவிடுங்கள். கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். பர்லியாரில் ஒரு டீ. குன்னூரில் சிம்ஸ் பூங்கா. 1874-ல் உருவான பூங்கா இது. மே மாதத்தில் பழக்கண்காட்சி நடப்பதும் இங்கேதான். அப்புறம் லேம்ஸ் ராக், டால்பின் நோஸ். இரண்டும் ஒரே பக்கம் என்பதால் அலைச்சல் இல்லை. இருட்டும் முன்பு ஊட்டி போய் தங்கிவிடலாம்.

மலையில் ஒரு மரியாதை உண்டு. குறுகலான இடத்தில் எதிரெதிரே வண்டி வந்தால், ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதால் இந்த விதி.

2-வது நாள்: பைக்காரா, முதுமலை

ஊட்டியில் இருந்து கூடலூர் ரோட்டை பிடித்தால் சுமார் 20 கிலோ மீட்டரில் பைக்காரா. அணை, அருவி, படகு சவாரி மூன்றும் அங்கே கிடைக்கும். அதற்கு மேல் ஊசிமலை காட்சிமுனை. கூடலூர் இறங்கி, முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் போனால் தெப்பக்காடு யானைகள் முகாம். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் எடுத்தது இங்கேதான். காலையும் மாலையும் யானைகளுக்கு உணவு கொடுப்பதை பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள்.

காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கக்கூடாது. செல்பி வேண்டாம். குரங்குக்கும் மானுக்கும் தீனி போட வேண்டாம்.

மைசூரு பக்கம் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பந்திப்பூர் காட்டு ரோடு 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ராத்திரியில் வண்டியில் அடிபட்டு வனவிலங்குகள் செத்ததுதான் காரணம்.

இன்னொரு எச்சரிக்கை. ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழி என்று குறுக்கு ரோடு ஒன்று உண்டு. செல்போன் மேப் அந்த வழியைத்தான் காட்டும். மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். அடுத்தடுத்து விபத்துகள் நடந்ததால் வெளிமாவட்ட வண்டிகள் அதில் இறங்க தடை போடப்பட்டது. மேப் சொன்னாலும் கேட்காதீர்கள். கூடலூர் வழியே நல்ல வழி.

3-வது நாள்: பூங்கா பார்த்து, கோத்தகிரி வழியாக...

காலையில் 1848-ல் தொடங்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்கா. நேரம் இருந்தால் 1995-ல் அமைக்கப்பட்ட ரோஜா பூங்கா. அடுத்து தொட்டபெட்டா. 2,637 மீட்டர் உயரம், நீலகிரியிலேயே பெரிய சிகரம். கோத்தகிரி போகும் ரோட்டில்தான் இருக்கிறது. அதை பார்த்துவிட்டு அப்படியே கோத்தகிரி வழியாக இறங்கலாம். சீசன் நேரத்தில் போலீசாரே குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப்பாதை ஆக்குவது வழக்கம்.

முக்கியம், வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுப்பாளையம் வந்து சேருங்கள். 'இன்னும் ஒரே ஒரு ஸ்பாட்' என்று இழுத்தால், இருட்டிலும் பனிமூட்டத்திலும் இறங்க வேண்டி வரும்.

பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் உராய்ந்து உராய்ந்து டிரம்மும் லைனிங்கும் கொதிக்கும். சூடு ஏற ஏற லைனிங்கின் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்து அதில் குமிழி உண்டானால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வண்டி நிற்காது. நல்ல கண்டிஷனில் உள்ள வண்டிக்கும் இது நடக்கும்.

இதற்கு மருந்து கியர்தான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பாடம். 2-வது கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் போதும்.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும், என்ஜினை அணைப்பதும் தற்கொலைக்கு சமம். என்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கின் பலமும் குறைந்துவிடும்.

கருகிய வாடை வந்தால் பயணிகளே குரல் கொடுக்கலாம். அகலமான இடத்தில் ஓரம் கட்டி, சக்கரத்துக்கு கல் வைத்து, சூடு தணியும் வரை காத்திருங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது. விரிசல் விடும்.

டிரைவரும் நம்மில் ஒருவர்தான்

டூர் பணம் பிரிக்கும்போதே டிரைவருக்கும் ஒரு படுக்கை, 3 வேளை சாப்பாடு என்று சேர்த்து கணக்கு போடுங்கள். பலரும் அவரை வண்டியிலேயே குளிரில் சுருண்டு படுக்க விட்டுவிடுகிறார்கள். அந்த செலவை 15, 20 பேர் பங்கு போட்டால் தலைக்கு சின்ன தொகைதான் வரும். மலை இறங்கும்போது அவரை 'சீக்கிரம் போப்பா' என்று விரட்டாதீர்கள். டெக்கில் குத்துப்பாட்டு போட்டு ஆடாதீர்கள்.

ஊட்டி எங்கேயும் ஓடிவிடாது. பார்க்காமல் விட்ட இடத்தை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்.