வாத்திடம் பாடம் கற்ற ரோபோ

ஜப்பானின் இயற்கை நெல் வயல்களில் களையை அடக்க ‘ஐகாமோ ரோபோ’ என்ற மிதக்கும் இயந்திரம் பயன்படுகிறது. ஐகாமோ என்பது காட்டு வாத்தும் வீட்டு வாத்தும் கலந்த இனம். அந்த வாத்துகளை வயலில் விட்டு நெல் விளைவித்த உழவர்களின் அனுபவமே இந்த ரோபோவுக்கு அடிப்படை.

பயிர் நிற்கும் வயலில் வாத்து விடும் வழக்கம் சீனாவிலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகள் பழையது. தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த வயலில்தான் வாத்து மேய்ப்பார்கள், சிந்திய நெல்லுக்காக. ஐகாமோ முறையில் வாத்தே களையெடுக்கும் ஆள். ஃபுகுவோகா மாகாணத்தின் கெய்சென் ஊரைச் சேர்ந்த தகாவோ ஃபுருனோ என்ற உழவர், களைக்கொல்லி இல்லாமல் பயிர் செய்து, ஆண்டுதோறும் களை பறித்தே களைத்துப்போனார். 1988இல் அவர் இந்தப் பழைய முறைக்குத் திரும்பி, அதைச் செம்மைப்படுத்தி எழுதினார். நடவு முடிந்து ஓரிரு வாரத்தில், 25 சென்ட் நிலத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 30 குஞ்சுகள் வரை இறக்கிவிடப்படும். நெல் இலையில் சிலிக்கா மிகுதி என்பதால் வாத்து அதை விரும்புவதில்லை. களையையும் பூச்சியையும் தேடித் தின்னும். அதன் எச்சம் உரமாகும். கதிர் வெளிவந்ததும் வாத்துகளைக் கரையேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் மணிகளைத் தின்றுவிடும்.

தின்பதோடு வாத்தின் வேலை முடிவதில்லை. நாள் முழுவதும் அது காலாலும் அலகாலும் சேற்றைக் கலக்குகிறது. கலங்கிய நீருக்குள் வெயில் இறங்காததால், அடியில் முளைக்கும் களைக்கு வளர வழியில்லை. அப்போதுதான் வேர்விட்ட களை பிடுங்கிக்கொண்டு மிதந்துவிடும். கலங்கிய சேறு தெளியும்போது கனமான துகள்கள் முதலில் படிகின்றன. நுண்ணிய வண்டல் கடைசியில் மேலே படிந்து, களை விதைகளை மூடுகிறது. கூழ்போன்ற இந்த மேற்படிவை ஜப்பானிய இயற்கை உழவர்கள் ‘தொரோதொரோ’ அடுக்கு என்பார்கள். ‘கொனாகி’ என்ற வயற்களை மண்ணின் மேற்பரப்பை ஒட்டித்தான் முளைக்கும். அதனால் மெல்லிய வண்டல் போர்வையே அதற்குத் தடையாகிவிடுகிறது.

வாத்தின் பல வேலைகளில் இந்தக் கலக்கலை மட்டும் ரோபோ எடுத்துக்கொண்டது. நிஸ்ஸான் கார் நிறுவனப் பொறியாளர் டெட்சுயா நகமுரா உருவாக்கிய முன்மாதிரி 2019இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. யாமகதா மாகாண வயலில் சோதிக்கப்பட்ட அதன் எடை சுமார் 1.5 கிலோ, அடியில் இரண்டு ரப்பர் தூரிகைகள் சுழன்றன. பிறகு தனி நிறுவனம் தொடங்கப்பட்டு, பெரிய வடிவம் உருவானது. வேளாண் கருவி நிறுவனமான இசேகி 2023இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேலே சூரியத் தகடு மின்சாரம் தருகிறது. 2023இல் வந்த வடிவம் செயற்கைக்கோள் வழிகாட்டலில் வயலின் எல்லைக்குள் சுற்றியது. அதன் அடியிலிருந்த திருகுகள் சேற்றைக் கலக்கின. நடவிலிருந்து சுமார் மூன்று வாரம் இந்த வேலை நடக்கும். அதற்குள் நெல் தூர் கட்டி நிழல் விரித்துவிடும்.

வாத்தைப் போல ரோபோ பூச்சி தின்னாது, உரமும் தராது. ஆனால் அதற்குத் தீனி வேண்டாம். நரிக்கும் காக்கைக்கும் பயந்து வேலி போட வேண்டாம். 2020 கணக்குப்படி உழவை முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 67ஐத் தாண்டிய நாட்டில் இது சிறிய உதவியல்ல. 2050க்குள் விளைநிலத்தில் கால் பங்கை இயற்கை வேளாண்மைக்கு மாற்ற ஜப்பான் அரசு இலக்கு வைத்திருக்கிறது. அதற்குக் களையெடுக்கும் ஆள்பற்றாக்குறை ஒரு பெருந்தடை.

ரோபோ நன்றாக ஓடுவது உழவரின் கைத்திறனைப் பொறுத்தது. பரம்படித்த நிலம் மட்டமாக இல்லாவிட்டால் மேட்டில் ரோபோ தரைதட்டும். அங்கேயே களையும் முந்தி முளைக்கும். நீர் ஆழமாக நிற்க வேண்டும் என்பதால் மூழ்காத அளவு வளர்ந்த, திடமான நாற்றுதான் நடவேண்டும். ஒருமுறை சேறடித்துக் களையை முளைக்கவிட்டு, மறுமுறை மேலாகச் சேறடித்து அதை அழித்தபின் நடுவது அனுபவசாலிகளின் வழக்கம். நட்டபின் தாமதித்தால் களை வேரூன்றிவிடும். அதன்பின் கலக்கியும் பயனில்லை. கண்பார்வையிலும் கால் உணர்விலும் இருந்த இந்த அறிவு, நீரின் ஆழம், நாற்றின் உயரம், தொடங்கும் நாள் என்ற அளவுகளாக மாறும்போதுதான் இயந்திரத்துக்குப் பயன்படுகிறது.

ஓரிடத்துப் பாடம் எல்லா வயலுக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டின் திருந்திய நெல் சாகுபடியில் சுமார் 2.5 செ.மீ. நீர்தான் நிறுத்தப்படுகிறது, சதுர நடவின் இடைவெளியில் கோனோவீடர் என்ற கைக்கருவியை உருட்டிக் களையைச் சேற்றில் அமிழ்த்துகிறார்கள். அந்த மெல்லிய நீரில் மிதக்கும் ரோபோவுக்கு வேலையில்லை. அங்கே ஒரு ரோபோ வருமானால், வரிசைக்கு நடுவே சேற்றில் உருளவும், பயிரின் வேரைக் கிளறாமல் களையை அமிழ்த்தவும் அது கற்க வேண்டும். அந்தப் பாடம் கோனோவீடரைத் தள்ளிப் பழகிய கைகளிடம்தான் இருக்கிறது.