யாருடைய நள்ளிரவு?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் செவ்வாய்க்கிழமை காலை 7 மணி என்றால் மன்னார் உப்புக்குளத்தில் இரவு எட்டரை. அங்கே கோடைக்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் ஏழரை. ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ விளையாட்டின் அமெரிக்க சேவர்களை வாராந்தப் பராமரிப்புக்காக வழக்கமாக அணைப்பது அந்த வேளையை ஒட்டித்தான். அங்கே வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும் அவசரம். இங்கே சாப்பாடு முடித்துக் கால் நீட்டி உட்காரும் நேரம்.

2003இல் தொடங்கிய விண்வெளி விளையாட்டான ‘ஈவ் ஒன்லைன்’ இன்னும் கண்டிப்பு. நாள் தவறாமல் உலக நேரம் 11:00 மணிக்கு அதன் சேவர் அணையும். அதை உருவாக்கிய நிறுவனம் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் இருக்கிறது. ஐஸ்லாந்தின் கடிகாரமும் ஆண்டு முழுவதும் உலக நேரத்திலேயே ஓடுகிறது. ஆகவே பொறியியலாளர்கள் மேசையில் இருக்கும் முற்பகல் அது. ஐரோப்பியர் வேலையில் இருப்பார்கள், அமெரிக்கர் பலர் தூக்கத்தில் இருப்பார்கள். நமக்குப் பின்னேரம் நாலரை. இந்த விளையாட்டு தொடங்கிய ஆண்டில் மன்னார் நகரத்துக் கடிகாரம் ஐந்து காட்டியிருக்கும், உயிலங்குளம் சோதனைச்சாவடிக்கு அப்பால் நாலரை. 1996இல் அரசு மாற்றிய நேரத்தைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில்தான் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது.

சேவரை அணைக்க நிறுவனங்கள் தேடும் ‘ஆட்கள் குறைந்த நேரம்’ என்பது தலைகளை எண்ணிப் போடும் கணக்கு. எண்ணிக்கையில் சிறிய ஊருக்கு அதில் இடமில்லை.

உப்புக்குளத்துப் பொடியன்கள் பெரும்பாலும் ஆடுவது கைபேசி விளையாட்டுகள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ‘ஃப்ரீ ஃபயர்’ நடத்தும் கரேனா சிங்கப்பூர் நிறுவனம். அந்நாட்டுக்கும் நமக்கும் இரண்டரை மணித்தியாலமே வித்தியாசம். ஆனால் இலங்கையின் டேட்டா பக்கேஜ்கள் பலவற்றில் பகலுக்கு ஓர் அளவு, நள்ளிரவுக்குப் பின் தனியாக ஓர் அளவு. பகல் டேட்டா பாடத்துக்கும் வட்ஸ்அப்புக்கும் போய்விட, விளையாட்டும் பெரிய அப்டேட்டும் இரவுக் கணக்கில் ஏறும். உலகம் தூங்கும் நேரம் என்று ஒரு நிறுவனம் தெரிவுசெய்யும் விடிசாமம், இங்கே ஒருவன் கண்விழித்துக் காத்திருந்த மலிவு நேரம்.

சரி, அணைக்காமல் திருத்தவே முடியாதா? செய்தித் தளமொன்றைத் திருத்துவது சுலபம். ஒவ்வொரு வாசகரின் கோரிக்கையும் தனித்தனி. பத்து சேவர்களில் ஒன்றை விலக்கிப் புதுப்பித்து, திரும்பச் சேர்த்து, அடுத்ததை எடுக்கலாம். விளையாட்டில் அது அவ்வளவு சுலபமில்லை. யார் எங்கே நிற்கிறார், எவருக்கு எத்தனை குண்டு பட்டது என்ற உலகம் முழுவதும் சேவரின் நினைவகத்தில் உயிரோடு ஓடுகிறது. தரவுத்தளத்தில் அவ்வப்போதுதான் பதிவாகிறது. பாதிப் பேரிடம் பழைய பதிப்பு, பாதிப் பேரிடம் புதியது என்றால் ஒரே துப்பாக்கிக்கு இரண்டு வலிமை. தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் நடுவில் ஒருவர் பொருள் வாங்கினால் அது இரண்டாகலாம், இல்லாமலும் போகலாம். ஓட்டை அடைக்க வள்ளத்தைக் கரையில் ஏற்றத்தான் வேண்டும், கடலில் நின்றபடி முடியாது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் மோதல் விளையாட்டுகளுக்கு இது ஓரளவு எளிது. நடக்கும் ஆட்டங்கள் முடியட்டும், புதியவற்றைப் புதிய சேவரில் தொடங்குவோம் என்று சமாளிக்கலாம். கணக்கும் காசும் நண்பர் பட்டியலும் இருக்கும் பொதுக் களஞ்சியத்தில் கைவைக்கும்போதுதான் எல்லாரையும் வெளியே அனுப்ப வேண்டிவரும். ஈவிலோ கிட்டத்தட்ட அனைவருக்கும் ஒரே அண்டம். 2014 ஜனவரியில் அங்கே 7,500க்கும் அதிகமானோர் பங்கேற்ற ஒரு போர் சுமார் 21 மணித்தியாலம் நடந்து, மறுநாள் சேவர் அணையும் வேளையோடுதான் ஓய்ந்தது.

திட்டமிட்டு அணைப்பது ஒன்று, தானாக விழுவது வேறொன்று. 2021 ஒக்டோபர் 28 முதல் 31 வரை ரோப்லொக்ஸ் 73 மணித்தியாலம் முடங்கியது. அப்போது அன்றாடம் ஐந்து கோடிப் பேர் வந்துபோன விளையாட்டுத் தளம் அது. எந்தச் சேவை எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று மற்றவற்றுக்குச் சொல்லும் துணை மென்பொருள், சுமை ஏறியபோது ஒரு புதிய வசதியாலேயே திணறியதுதான் முக்கியக் காரணம். சரிசெய்த பின்பும் கதவை முழுவதும் திறக்க முடியவில்லை. அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் இடைக்கிடங்குகள் வெறுமையாக இருக்கும். எல்லாரும் ஒரே கணத்தில் நுழைந்தால் தரவுத்தளம் மறுபடி விழும். அதனால் ஆட்களைச் சதவீதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள். பராமரிப்பு முடிந்த நிமிடமே ‘கனெக்ட்’ பொத்தானை விடாமல் தட்டுகிறவர், தெரியாமல் தன் வரிசையையே நீளமாக்குகிறார்.

கோபம் எங்கிருந்து வருகிறது? 1985இல் டேவிட் மைஸ்டர் வரிசையில் நிற்பவரின் மனநிலை பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பொருந்துகிறது. முடிவு தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், நியாயமற்றதாகத் தோன்றும் காத்திருப்பும் மணிக்கூட்டில் உள்ளதைவிட நீளமாகப் படும் என்கிறார். இலங்கையருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஆத்திரம் இருந்தது, ஆயினும் பகுதிகளுக்கு இட்ட எழுத்து வாரியாக வெளிவந்த அட்டவணையைப் பார்த்து அரிசி போட்டோம், போன் சார்ஜ் ஏற்றினோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு என்ற விளக்கம் வரும்வரை அட்டவணையும் இல்லை, காரணமும் இல்லை. விளையாட்டிலும், எட்டு மணித்தியாலம் என்று சொல்லி எட்டில் முடிப்பவரை மன்னிப்பார்கள். இரண்டு என்று சொல்லிவிட்டு ‘இன்னும் அரை மணித்தியாலம்’ என்று மூன்று தரம் நீட்டுபவரைத்தான் திட்டுவார்கள்.

இந்த எரிச்சலில் பாதியை வளர்த்ததே நிறுவனங்கள் என்பது என் எண்ணம். நாள்தோறும் உள்நுழைந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் தொடர் அறுந்துபோகும், இந்த உடை நாளை இரவோடு கிடைக்காது. பெறுவதைவிட இழப்பதே மனத்தில் கூடுதலாக உறைக்கும் என்று உளவியலாளர்களான கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிவைத்ததன்மேல் கட்டிய வியாபாரம் இது. அப்படிப் பழக்கிவிட்டுக் கதவைச் சாத்தினால் பொறுமையை எங்கே தேடுவது?

சிலர் ஈடு தருகிறார்கள். 2021 டிசம்பரில் ‘ஃபைனல் ஃபான்டசி 14’ நெரிசலில் சிக்கியபோது, அதன் நிறுவனம் புதிய விற்பனையையே நிறுத்திவைத்து, சந்தாதாரருக்கு முதலில் 7 நாளும் பிறகு 14 நாளும் இலவசமாகச் சேர்த்தது. மாதச் சந்தா கட்டுகிறவருக்கு அது சரியான கணக்கு. ஏழு நாள் டேட்டா பக்கேஜை ரீலோட் போட்டு வாங்கிய உப்புக்குளத்துப் பொடியனுக்கு விளையாட்டு நிறுவனம், ஆட்டத்துக்குள் செலவிடும் சில வைரக்கற்களை அனுப்பலாம். ஆனால் சேவர் அணைந்திருந்த இரவும் அந்த ஏழில் ஒன்றாகவே கழியும். அதைத் திருப்பித்தர விளையாட்டு நிறுவனத்துக்கு வழியில்லை, தொலைபேசி நிறுவனத்துக்குக் காரணமில்லை.