தரங்கம்பாடி: 300 வயது ஆலயமும் அலை தின்ற கோயிலும்

மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடி போறீங்களா? டேனிஷ்காரர்கள் 1792-ல் கட்டிய நுழைவாயிலில் தொடங்கி நடந்தே பாருங்கள். பழைய ஊர் அவ்வளவு சின்னது.

அதிக நேரத்தைப் புதிய எருசலேம் ஆலயத்துக்கு ஒதுக்குங்க. 1706-ல் வந்து தமிழ் கற்ற சீகன்பால்கு 1718-ல் கட்டியது இது. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை இருக்கும். அடுத்த ஆண்டே இறந்த சீகன்பால்கு உள்ளேதான் அடக்கம். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தமிழில் அச்சானதும் இந்த ஊரில்தான்! இன்றும் வழிபாடு நடக்கும் இடம். ஞாயிறு காலை போனால் ஆராதனை முடியும்வரை மொபைல் பையிலேயே இருக்கட்டும். அப்புறம் கேட்டுட்டு படம் எடுங்க.

பக்கத்திலேயே 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம். கடலைப் பார்த்து 1620-ல் எழுந்த டேனிஷ் கோட்டை, உள்ளே அருங்காட்சியகம்.

கோட்டையோடு திரும்பிவிடுபவர்கள்தான் அதிகம். இன்னும் சற்று நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தில், 1306-ல் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கத்தான் கரையில் பாறைகள் கொட்டியிருக்கிறார்கள். செல்ஃபிக்காக அவற்றில் ஏறாதீங்க, பாசி வழுக்கும்.