கதவுக்குள் தலைவன்

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் எங்கள் காலத்துப் பொடியன்களுக்கும் கூச்சம் இருந்தது. ஒளிந்துகொள்ளத்தான் இடம் இருக்கவில்லை. அஸருக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போனால் கரைவலை இழுப்பவர்கள் "வா மனே, ஒரு கை புடி" என்பார்கள். இழுத்தவனுக்குக் கறிக்கு மீன் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்க முன்பின் தெரியாத பெரியவரிடம் வாய் திறக்க வேண்டும். பெருநாள் பலகாரத் தட்டோடு சாச்சி வீட்டுக்குப் போனால், சலாம் சொல்லி, உம்மாவின் சுகம் சொல்லி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித்தான் திரும்பலாம். பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கமெல்லாம் வயதுக்கு வந்ததோடு சுருங்கிப்போனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2004 சுனாமி கரையோர வீடுகளைக் கொண்டுபோனது. தப்பியவர்களில் பலர் கிரீன்பீல்ட் தொடர்மாடி போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிள்ளை கடற்கரையில் நிற்பதைவிட அறைக்குள் இருப்பதே உம்மாமாருக்கு நிம்மதியானது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட, பாடம் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தது. கடன்பட்டாவது போன் வாங்கிக் கொடுத்தோம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வகுப்பு மறுபடி வீட்டுக்குள் வந்தது. படிப்புக்கென்று நாமே கையில் வைத்ததை, ஏசும்போது மறந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த வீடொன்றில் ஓ/எல் எழுதவிருக்கும் பொடியன். விருந்தாளி வந்தால் அறைக்கதவு சாத்தப்படும். "படிக்கிறான்" என்பார் உம்மா. உள்ளே போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டு. அங்கே அவன் தலைவன், குரலெடுத்துக் கட்டளையிடுவான். மாமா கோல் எடுத்தால் மட்டும், பெயர் மின்னி அணையும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு "என்ன?" என்று ஒரு மெசேஜ். மருந்துக்கடைக்குப் போகச் சொன்னால் உள்ளங்கை வேர்த்துவிடும்.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கட்டுமீறிய வீடியோ விளையாட்டு ஒரு கோளாறு. பொதுவான இணையப் பாவனை அப்படித் தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. மனிதரை எதிர்கொள்ளும் பயமோ மருத்துவம் வெகுகாலமாக அறிந்தது. போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பதறும் பிள்ளை போனுக்குள் போகிறது. போன பிள்ளைக்கு ஆட்களோடு பழக்கம் விட்டுப்போய்ப் பதற்றம் கூடுகிறது. ஒருவரைத் தவிர்த்த கணத்தில் நெஞ்சு லேசாகும். அந்த நிம்மதிதான் அடுத்தவரையும் தவிர்க்க வைக்கிறது.

அதனால் போனைப் பறித்து அலுமாரியில் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே போகப் பயப்படுகிறவனுக்கு உள்ளே இருந்த ஒரே உறவும் அறுந்துபோகும். முதலில் மூலைக்கடையில் சீனி, பழகியபின் மருந்துக்கடை, அப்புறம் மாமாவுக்கு ஒரு கோல் என்று படிப்படியாகப் பழக்குவதைத்தான் மனநல சிகிச்சையும் செய்கிறது. பள்ளிக்கூடம் போகவே மறுக்குமளவு பயம் முற்றினால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். கோல் என்றாலே நடுங்கும் பிள்ளைக்காக முதல் கோலை வாப்பாவோ உம்மாவோதான் எடுக்க வேண்டியிருக்கும்.