கையொப்பமும் குரலும்: இளவயது விவாகமும் இணையவழிப் பரப்புரையும்

இளவயது விவாகத்துக்கு வறுமையையும் வழமையையும் காரணங்களாகக் கூறுவதுடன் நாம் அமைந்துவிடலாகாது. சட்டமும் அவ்வழமைக்கு அரணாதல் கூடும்.

இலங்கையில் பொது விவாகத்துக்குரிய ஆகக் குறைந்த வயது 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 18 ஆக்கப்பட்டது. ஆயின், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதெதனையும் விதிக்கவில்லை; 12 வயதுக்குட்பட்ட சிறுமியின் விவாகத்தைப் பதிவதற்குக் காதியின் அனுமதி தேவையென மாத்திரமே கூறிற்று. பதிவின்போது மணமகன், மணமகளின் வலி, நிக்காஹை நடத்துபவர் ஆகியோரின் கூற்றுக்களையே அது வேண்டிற்று. மணமகளின் கையொப்பத்துக்கு அங்கு இடமிருக்கவில்லை.

இதனை மாற்றுமாறு முஸ்லிம் பெண்கள் பல தசாப்தங்களாகக் கோரி வந்துள்ளனர். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இலேயே தன் அறிக்கையைக் கையளித்தது. இக்காலப்பகுதியில் சமூக ஊடகங்கள் அக்கோரிக்கைக்குப் புதியதொரு களமாயின. பெயரையும் ஊரையும் மறைத்துப் பெண்கள் தம் அனுபவங்களைக் கூற முடிந்தது. குடும்ப விவகாரம் எனப்பட்டது பொது விவாதப் பொருளாயிற்று.

எனினும், இச்சாதனத்தின் எல்லைகளையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். பாடசாலையினின்றும் இடைநிறுத்தப்பட்ட வறிய சிறுமியிடம் தனக்கெனக் கைத்தொலைபேசி இருத்தல் அரிது. மேலும், சீர்திருத்தம் கோருவோரைச் சமூகத் துரோகிகளாகக் காட்டுவதற்கும், அவர்தம் சொற்களையே முஸ்லிம் விரோத இனவாதத்துக்குத் தீனியாக்குவதற்கும் இதே சாதனம் உதவுகின்றது.

ஆகவே, பரப்புரையின் வெற்றியைப் பார்த்தோர் தொகையால் அளத்தல் பொருந்தாது. 18 வயது நிறைந்த பெண் தன் சம்மதத்தைத் தானே ஒப்பமிட்டுரைக்கும் இடம் பதிவேட்டில் உருவாகின்றதா என்பதே நாம் கொள்ளத்தக்க அளவுகோலாகும்.