செய்யாத தவறுக்கு ‘பேன்’: ஆன்லைன் விளையாட்டில் கணக்கு முடக்கப்பட்டால் எங்கே முறையிடுவது?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலும் ஜடாயு தீர்த்தமும் உள்ள இந்த ஊரில்தான் இளம் ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தார் என்கிறது வைணவ குருபரம்பரை. உபநிடதச் சொல்லொன்றுக்கு ஆசிரியர் சொன்ன பொருளை மாணவர் ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு முற்றி, ‘இனி என்னிடம் படிக்க வராதே’ என்று ஆசிரியர் அனுப்பிவிட்டார். பின்னாளில் அதே யாதவப்பிரகாசர் ராமானுஜருக்குச் சீடரானார் என்று கதை தொடர்கிறது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: தாம் எதற்காக வெளியேற்றப்பட்டோம் என்று அந்த மாணவருக்குத் தெரியும். தம் பக்கத்தை ஆசிரியரின் முகத்துக்கு நேரே சொல்லவும் முடிந்தது.

இன்று இந்தப் பக்கத்துத் தறிவீடுகளிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் கைபேசியில் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடும் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒருநாள் ஆட்டத்தைத் திறந்தால் திரையில் ஒரு வரி மட்டும் வரும்: உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. முறைகேடான மென்பொருள் பயன்படுத்தியதாகப் பொதுவாக ஒரு காரணம் இருக்கும். எந்த மென்பொருள், எந்த நாள், எந்த ஆட்டம் என்பதெல்லாம் இருக்காது. ‘ஐடி பேன் ஆயிடுச்சு’ என்று பிள்ளை வந்து நிற்கும்போது, ‘நல்லதாப் போச்சு, படிக்கிற வேலையைப் பார்’ என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில்.

அந்தப் பதில் நியாயமானதல்ல. அந்தக் கணக்கில் பல ஆண்டு உழைப்பும், சேர்த்து வைத்த ஸ்கின் என்னும் அலங்காரங்களும், யூசி என்னும் விளையாட்டு நாணயம் வாங்கச் செலவிட்ட பணமும் இருக்கின்றன. பள்ளி மாறிப்போன நண்பர்களோடு மிச்சமிருக்கும் தொடர்பும் சில நேரம் அதில்தான் இருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸை 2022 டிசம்பரில் மத்திய அரசு முறையான விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலில் சேர்த்தது. பிஜிஎம்ஐயின் தேசியப் போட்டியில் 2024-ல் பரிசுத்தொகை மட்டும் 2 கோடி ரூபாய். பிஜிஎம்ஐயின் மூல ஆட்டமான பப்ஜி மொபைலில் முறைகேட்டுக்கு வழக்கமாக விதிக்கப்படும் தடை 10 ஆண்டுகள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது இருபத்தாறு வயது வரை. எல்லாவற்றுக்கும் மேல், ‘ஹேக் போட்டவன்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். செய்யாத பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் அதிகம் வலிக்கும்.

கணினி எப்படித் தீர்ப்பு எழுதுகிறது?

ஏமாற்றுக்காரர்களைத் தடுப்பது தேவை என்பதில் இரண்டு கருத்து இல்லை. சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டும் மென்பொருளும், தானாகக் குறிபார்த்துச் சுடும் மென்பொருளும் சந்தையில் காசுக்குக் கிடைக்கின்றன. 2018-ல் சீனாவின் ஷாங்காயில் நடந்த ஆசிய இ-ஸ்போர்ட்ஸ் போட்டியின் நடுவிலேயே இந்திய அணி வீரர் ஒருவர் இப்படிப் பிடிபட்டார். அவரோடு மொத்த அணியும் வெளியேற்றப்பட்டது. நேர்மையாக ஆடும் கோடிப் பேருக்காகத்தான் தடை இருக்கிறது.

தடைக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை முதலில் முடிவு செய்வது மென்பொருள். அதற்குச் சில வழிகள் உண்டு. கருவியின் நினைவகத்தைத் துழாவி, ஏற்கெனவே தெரிந்த ஏமாற்று மென்பொருளின் தடயம் இருக்கிறதா என்று பார்க்கும். விளையாட்டின் கோப்புகள் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று ஒப்பிடும். சர்வரில் பதிவாகும் வேகம், குறி தவறாத விகிதம் ஆகியவற்றில் மனிதரால் முடியாத அளவு ஏதாவது தெரிகிறதா என்று கணக்கிடும். மற்ற ஆட்டக்காரர்கள் அடிக்கும் ‘ரிப்போர்ட்’டும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வழிகளில் எதுவும் பிழையே செய்யாதது அல்ல. ஒரு கோடிப் பேர் ஆடும் விளையாட்டில், நிரபராதிகள் 10,000 பேரில் ஒருவரை மட்டும் மென்பொருள் தவறாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க மிகத் துல்லியமாகத் தெரியும். ஆனால் அதன்படி ஏறக்குறைய 1,000 பேர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுவார்கள். நிறுவனத்தின் அறிக்கையில் அது மிகச் சிறிய விகிதம். அந்த 1,000 பேருக்கோ முழுத் தண்டனை.

நிறுவனங்களே ஒப்புக்கொண்ட தவறுகள்

இது கற்பனை ஆபத்தில்லை என்பதற்கு உலகப் பதிவுகள் உண்டு. 2010 ஜூலையில் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ ஆடிய சுமார் 12,000 பேரை இரண்டு வார இடைவெளியில் தவறாகத் தடை செய்தது. வட்டில் இருந்த கோப்பை ஸ்டீமே புதுப்பித்திருக்கிறது. நினைவகத்தில் பழைய பிரதி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததை மென்பொருள் ‘ஏமாற்று’ என்று எடுத்துக்கொண்டது. அதாவது நிறுவனம் செய்த மாற்றத்துக்கு ஆட்டக்காரர் தண்டிக்கப்பட்டார். நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார்.

2006-ல் லினக்ஸ் கணினியில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடியவர்கள் சிலரை பிளிசார்ட் நிறுவனம் தடை செய்து, பிறகு தவறு என்று திரும்பப் பெற்றது. 2023 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட கிராஃபிக்ஸ் டிரைவரில் இருந்த ஒரு வசதியை இயக்கியவர்கள் ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’-ல் தடை பெற்றார்கள். டிரைவரை ஏஎம்டி திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

2024-ல் வெளிவந்தது இவற்றைவிடக் கவலை தருவது. ‘கால் ஆஃப் டியூட்டி’யின் கண்காணிப்பு மென்பொருள் நினைவகத்தில் சில சொற்றொடர்களைத் தேடுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்றை எதிராளிக்கு ஒரு செய்தியாக அனுப்பினாலே போதும், அவர் கணக்கு முடங்கிவிடும் என்றும், ஆயிரக்கணக்கானோரை அப்படி வெளியேற்றியதாகவும் அவர் சொன்னார். நிறுவனம், நேர்மையான கணக்குகளில் ‘சிறு எண்ணிக்கை’ பாதிக்கப்பட்டது என்றும், அவை மீட்கப்பட்டன என்றும் அறிவித்தது. எண்ணிக்கையில் இரு தரப்பும் வேறுபடலாம். வெளியாள் ஒருவர் நினைத்தால் நிரபராதியைத் தடை செய்ய வைக்க முடிந்தது என்பது மாறவில்லை.

மேலே சொன்னவை பலர் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டதால் வெளிச்சத்துக்கு வந்தவை. தனி ஒருவருக்கு நடந்தால் நிலைமை வேறு. பிரிட்டனில் ஓர் ஆட்டக்காரர் ‘கால் ஆஃப் டியூட்டி’ தடையை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார். குற்றத்துக்கான ஆதாரத்தை நிறுவனம் காட்டவில்லை. தடையை நீக்கும்படி உத்தரவானது. அதற்குள் 763 நாள் ஓடிவிட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே சிக்குகிறார்கள்?

வெளிநாட்டு உதாரணங்கள் பெரும்பாலும் கணினி விளையாட்டைச் சேர்ந்தவை. நம் பிள்ளைகள் ஆடுவது கைபேசியில், அதுவும் பல வீடுகளில் பழைய கைபேசியில். காஞ்சிபுரத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ செகண்ட் ஹேண்டாக வாங்கிய கருவியை முன்பு வைத்திருந்தவர் ஹேக் போட்டுப் பிடிபட்டிருக்கலாம். பல நிறுவனங்கள் கணக்கோடு நிற்பதில்லை, கருவியின் அடையாளத்தையே தடை செய்கின்றன. புதிதாக வாங்கியவர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்தாலும் பழைய பாவம் அவர் தலையில் விழும்.

ஒரே கைபேசியை அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று மாற்றி மாற்றி எடுப்பது கைத்தறிக் குடும்பங்களில் சாதாரணம். அதில் ஒருவர் செய்தது எல்லோர் கணக்கையும் தொடும். கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரியின் பின்னால் வைப்பதால், அந்த முகவரியைத் தடுத்தால் சம்பந்தமில்லாதவரும் மாட்டுவார். சிக்னல் குறைந்து பிங் எகிறும்போது ஆட்டக்காரர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவதுபோல் சர்வருக்குத் தெரியும். வேக ஹேக்கும் இப்படித்தான் தெரியும். தோற்ற குழு ஒன்றுசேர்ந்து ரிப்போர்ட் அடிப்பது இன்னொரு தொல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆட்டம் லேக் ஆகாமல் ஓடட்டும் என்று ஜிஎஃப்எக்ஸ் டூல் போடுகிற பிள்ளை, தான் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. விதிப்படி அது அனுமதியில்லாத மென்பொருள். வெளியாளிடம் மலிவாக யூசி வாங்குவதும், ஐடியை விலைக்கு வாங்குவதும் அப்படியே. இவற்றுக்கு வரும் தடையைத் தவறான தடை என்று வாதாட முடியாது. ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை திருத்திக்கொள்ளும். சொல்லாமல் தண்டித்தால் தவறு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது.

ஆதாரத்தைக் காட்டினால் ஏமாற்று மென்பொருள் செய்பவர்கள் தப்பும் வழி கண்டுபிடிப்பார்கள் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. அதற்காகவே பல நிறுவனங்கள் பிடித்த உடனே தடை செய்யாமல், சில வாரம் காத்திருந்து மொத்தமாகத் தடை செய்கின்றன. ஆனால் ஊக்கமருந்துச் சோதனைக்கும் இரகசியங்கள் உண்டு. அங்கே வீரரின் மாதிரியை ஏ, பி என்று இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடுகிறார்கள். முதல் முடிவை வீரர் ஏற்காவிட்டால் இரண்டாவதைத் திறந்து சோதிக்கச் சொல்லலாம். சோதனையின் நுட்பத்தை வெளியே விடாமலேயே மறுபரிசோதனைக்கு இடம் வைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரச்சினையைக் குழப்பாமலிருக்க ஒன்றைப் பிரித்துவிடுவோம். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளையும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் அரசு தடை செய்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி. அது விளையாட்டுக்கே வந்த தடை. இங்கே பேசுவது தனி ஒருவரின் கணக்குக்கு நிறுவனம் போடும் தடையைப் பற்றி.

2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப இடைத்தரகர் விதிகளின்படி, நிறுவனம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, 7 நாளில் தீர்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த திருத்தம் ஆன்லைன் விளையாட்டு இடைத்தரகர்களையும் இந்த விதிகளுக்குள் கொண்டுவந்தது. பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே முறையிடலாம். ‘நாங்கள் இடைத்தரகர் அல்ல, விளையாட்டின் வெளியீட்டாளர்’ என்று நிறுவனம் வாதாடக்கூடும். இருந்தாலும் முறையிட்டுப் பதிவு வைப்பது பின்னால் உதவும்.

இரண்டாவது வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இலவசச் சேவை இதற்குள் வராது. யூசியோ பாஸோ காசு கொடுத்து வாங்கியிருந்தால் வாதத்துக்கு வலு உண்டு. நியாயமான காரணமின்றி ஒருதரப்பாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனை நுகர்வோருக்குப் பெரும் பாதகத்தை உண்டாக்கினால், அதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று இந்தச் சட்டம் வரையறுக்கிறது. ‘எப்போது வேண்டுமானாலும் எந்தக் காரணத்துக்காகவும் கணக்கை முடக்குவோம்’ என்று எழுதிவைக்கும் நிறுவனங்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்திலும், நியாயமற்ற ஒப்பந்தம் என்றால் மாநில ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்தை வைத்தே வழக்குப் போடலாம். திருப்புட்குழிக்காரர் நிறுவனத்தின் தலைமையகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள அதன் டிஜிட்டல் சேவைச் சட்டம், கணக்கை முடக்கும் தளங்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. மேல்முறையீட்டை இயந்திரம் மட்டுமே முடிவு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது.

தடை வந்த அன்று செய்ய வேண்டியவை

அறிவிப்பைத் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செயலியை அழித்துவிடாதீர்கள். பிளேயர் ஐடி, கூகுள் பிளே பணரசீதுகள், கைபேசி வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, வாடிக்கையாளர் சேவைக்கு ஒரே புகாராக எழுதுங்கள். கோபத்தில் பத்துப் புகார் போட்டால் ஒன்றும் நகராது. என்ன ஆதாரத்தின் மேல் தடை, அதை ஒரு மனிதர் பார்த்தாரா என்று நேராகக் கேளுங்கள். முடிவு வரும்வரை அதே கைபேசியில் புதுக் கணக்கு தொடங்க வேண்டாம். தடையை மீறியதாக அதுவே இரண்டாவது குற்றமாகிவிடும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்காகப் பெற்றோர்தான் முறையிட வேண்டும். ஆகவே அம்மா அப்பாவிடம் மறைக்காமல் சொல்வது முதல் வேலை.

இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் ‘ஐடியை அன்பேன் செய்து தருகிறோம்’ என்று காசு கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். கடவுச்சொல்லும் பணமும் சேர்ந்து போகும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை வளர்க்கப்போவதாகச் சொல்கிறது. அதன்கீழ் அமையும் ஆணையத்துக்குப் புகார்களைக் கவனிக்கும் பொறுப்பும் உண்டு என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு என்று ஏற்ற அரசு, மற்ற வீரருக்கு உள்ள உரிமையை இந்த வீரருக்கும் தர வேண்டும். கணக்கை முடக்கும் நிறுவனம் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், ஆட்டக்காரர் கேட்டால் ஒரு மனிதர் மறுபடி பார்க்க வேண்டும், தவறு என்று தெரிந்தால் பறித்ததையெல்லாம் திருப்பித் தர வேண்டும். இதை விதியாக எழுதும்படி அந்த ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.